இரண்டு டாலர் பதிமூன்று சென்ட்

டல்லாஸ் நகரத்து உணவகம் ஒன்றில் பரிமாறும் பெண்ணுக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும். சட்டம் அவரை ஒன்றும் கேட்காது. அதே வேலையைக் கலிஃபோர்னியாவில் செய்தால், 2025 கணக்குப்படி, மணிக்கு 16 டாலர் 50 சென்ட்டுக்குக் குறையக் கூடாது. நகராட்சி அதற்கு மேலே விதித்திருந்தால் அதையும் கொடுத்தாக வேண்டும். ஒரே நாடு, ஒரே வேலை. டிப்ஸ் வைக்கும் வழக்கமும் இரண்டு இடத்திலும் உண்டு. அந்த டிப்ஸை யார் கணக்கில் வரவு வைப்பது என்பதில்தான் வழக்கு.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்வது இது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து இந்தத் தொகை அசையவில்லை. மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் வாங்கும் தொழிலாளி என்றால், முதலாளி தன் கையிலிருந்து 2.13 கொடுத்தால் போதும். மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸிலிருந்து வந்ததாகக் கணக்கு எழுதிக்கொள்ளலாம். இதற்கு ‘டிப் கிரெடிட்’ என்று பெயர். டிப்ஸ் போதாமல் போனால் குறையும் தொகையை முதலாளி போட்டு நிரப்ப வேண்டும். ஆகவே யாருக்கும் 7.25-க்குக் கீழே போகாது என்பது சட்டத்தின் வாக்கு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு வாரக் கணக்கை எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

டெக்சாஸில் ஒரு சர்வர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கிறார். முதலாளி தருவது 85 டாலர் 20 சென்ட். குறைந்தபட்ச ஊதியப்படி அவருக்கு வரவேண்டியது 290 டாலர். நடுவில் 204 டாலர் 80 சென்ட் இடைவெளி. அந்த வாரம் வியாபாரம் மந்தம், டிப்ஸ் 150 டாலர்தான் என்றால், முதலாளி 54.80 சேர்த்துக் கொடுக்க வேண்டும். சர்வர் கையில் 290. சரி, டிப்ஸ் 204.80 வந்தது என்று வையுங்கள். முதலாளி ஒரு சென்ட்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. சர்வர் கையில் அதே 290. அதாவது டிப்ஸே வராத வாரத்திலும், இருநூறு டாலர் வந்த வாரத்திலும் அவருக்குக் கிடைப்பது ஒன்றுதான். மேஜையில் வைத்த முதல் 204 டாலர் 80 சென்ட் முழுதும் முதலாளியின் சம்பளச் செலவைக் குறைக்கப் போய்விட்டது. ஒரு சர்வருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் மிச்சம்.

வாரம் 600 டாலர் டிப்ஸ் வாங்குகிற கெட்டிக்காரருக்கும் இதே கழிவு உண்டு. அவருக்குக் கிடைப்பது 685.20. கழிவு இல்லாவிட்டால் 890. ஆனால் 600 டாலர் கையில் புழங்குவதால் அவருக்கு அது உறைப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிற அரசியலுக்கெல்லாம் இதுதான் சாவி.

சம்பளச் சீட்டையும் பார்க்க வேண்டும். டிப்ஸுக்கும் சம்பளத்துக்கும் சேர்த்துக் கட்டவேண்டிய வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எல்லாவற்றையும் முதலாளி அந்த 85 டாலரிலிருந்துதான் பிடிக்க முடியும். பிடித்த பிறகு மிச்சம் ஒன்றும் இருக்காது. அதனால் 2.13 மாநிலங்களில் பூஜ்யம் என்று அச்சடித்த சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். வாடகை கட்டுவது முழுக்க முழுக்க முன்பின் தெரியாதவர்கள் வைத்துவிட்டுப் போகும் பணத்தில்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டிப்ஸ் போதுமா போதாதா என்பதை மணிக்கு மணி பார்ப்பதில்லை, வாரக் கணக்கில் சராசரி போடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ஈ ஓட்டிய ஐந்து மணி நேரத்தைச் சனிக்கிழமை இரவு கொட்டிய டிப்ஸ் ஈடுகட்டிவிடும். முதலாளி சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. தவிர, எல்லா நேரமும் மேஜை வேலை கிடையாது. கடை திறக்குமுன் ஒரு முள்கரண்டி, ஒரு கத்தி என்று எடுத்துக் காகிதத் துணியில் சுருட்டிச் சுருட்டி அடுக்க வேண்டும். உப்புக் குப்பி, கெச்சப் புட்டி நிரப்ப வேண்டும். மூடிய பிறகு நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துத் தரையைப் பெருக்க வேண்டும். அந்த நேரத்தில் டிப்ஸ் வைக்க எதிரே ஆளே இல்லை. ஆனாலும் சம்பளம் 2.13. இத்தகைய வேலை இத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் முழுச் சம்பளம் கொடு என்று தொழிலாளர் துறை 2021-ல் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. உணவக முதலாளிகள் தரப்பு வழக்குப் போட்டு, 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அதை ரத்து செய்ய வைத்துவிட்டது.

குறைந்தால் முதலாளி நிரப்புவார் என்ற வாக்கு எந்த அளவுக்கு நடக்கிறது? கணக்கு எழுதுவது முதலாளி. கேட்க வேண்டியவர் சர்வர். கேட்கிற சர்வருக்குச் சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பதும் அதே முதலாளி. 2010 முதல் 2012 வரை தொழிலாளர் துறை ஏறக்குறைய 9,000 உணவகங்களைச் சோதித்தபோது, 84 சதவீத இடங்களில் ஏதாவது ஒரு ஊதிய விதிமீறல் இருந்தது. சந்தேகப்பட்டுத் தேர்ந்தெடுத்துப் போன இடங்கள் அவை, எல்லாக் கடைகளின் சராசரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் சிறிய எண்ணிக்கை அல்ல.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு, விடுதலையான கறுப்பினத்தவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று ரயில் பெட்டிப் பணியாள் வேலை. புல்மன் நிறுவனம் படுக்கை வசதி ரயில் பெட்டிகளுக்கு அவர்களை ஆயிரக்கணக்கில் எடுத்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகள் டிப்ஸாகத் தரட்டும் என்று விட்டது. டிப்ஸ் என்பதே ஐரோப்பியப் பிரபுக்களின் வழக்கம், குடியரசுக்கு ஆகாது என்று எதிர்த்த அமெரிக்கர்களும் உண்டு. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே சட்டம் போட்டுத் தடுத்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அத்தனையும் கைவிடப்பட்டன. புல்மன் பணியாளர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டு போராடி 1937-ல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டே நாடு முழுவதற்குமான முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட் என்று. உணவகத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை.

1966-ல்தான் அவர்களையும் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். சேர்க்கும்போதே டிப் கிரெடிட்டையும் சேர்த்தார்கள். குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி வரை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்பது அன்றைய பேரம். பாதி என்று இருந்தவரை ஒரு நியாயம் இருந்தது. ஊதியம் ஏறினால் சர்வர் பங்கும் கூடவே ஏறும். 1991-ல் குறைந்தபட்ச ஊதியம் 4.25 ஆனபோது அதில் பாதியாக வந்ததுதான் 2.13. 1996-ல் ஊதியத்தை உயர்த்தும் மசோதா வந்தபோது, உணவக முதலாளிகளின் நெருக்குதலில் இந்தக் கயிறு அறுபட்டது. பொது ஊதியம் 4.75, 5.15 என்று ஏறி இன்று 7.25-ல் நிற்கிறது. 2.13 மட்டும் அதே இடத்தில் உறைந்துவிட்டது. பாதியாக இருந்தது இன்று முப்பது சதவீதத்துக்கும் கீழே.

மாநிலங்கள் இதைவிட உயர்வாக விதிக்கலாம். பல மாநிலங்கள் விதித்திருக்கின்றன. எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் மசால் தோசை கொண்டுவந்து வைப்பவருக்கு நியூ ஜெர்சி சட்டப்படி 2025-ல் 5.62 டாலர். நியூயார்க் நகரத்தில் உணவு பரிமாறுவோருக்கு அதே ஆண்டில் 11 டாலர். டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினாவில் பழைய 2.13-தான். கலிஃபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன், நெவாடா, மான்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸ் கழிவே கிடையாது. அங்கே சர்வருக்கும் மற்றவர்களைப் போல முழுக் குறைந்தபட்ச ஊதியம். டிப்ஸ் அதற்கு மேல்.

கழிவை ஒழித்தால் உணவகங்கள் இழுத்து மூடப்படும், டிப்ஸ் வைக்கும் வழக்கம் செத்துப்போகும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இந்த ஏழு மாநிலங்களே பதில். கலிஃபோர்னியாவில் கழிவு இல்லாமல் அரை நூற்றாண்டு ஆகிறது. 1988-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில், லாஸ் வேகாஸ் ஆகியவை சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமுள்ள ஊர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிப்ஸ் விகிதம் சற்றுக் குறைவு. விலை சற்று அதிகம். வழக்கம் உயிரோடுதான் இருக்கிறது.

அதற்காக எதிர்த்தரப்பில் சத்தே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சம்பளம் கூடினால் முதலாளி எங்காவது குறைப்பார்: ஆட்களை, மணி நேரத்தை, அல்லது தட்டின் அளவை. பொருளாதார ஆய்வாளர்கள் வில்லியம் ஈவனும் டேவிட் மெக்பெர்சனும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, டிப்ஸ் தொழிலாளர் சம்பளம் ஏறிய இடங்களில் ஊதியம் கூடியதையும், முழுச் சேவை உணவகங்களில் வேலைவாய்ப்பு ஓரளவு குறைந்ததையும் காட்டியது. வேலை பாதிப்பு மிகச் சிறிது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. லாப விளிம்பு மெல்லியதாக இருக்கும் தொழில் இது. பத்து மேஜை வைத்து நடத்தும் சின்னக் கடைக்காரர் புலம்புவதில் பொய்யில்லை.

வியப்பு என்னவென்றால், முழுச் சம்பளத்தை எதிர்த்துக் கிளம்பியவர்களில் சர்வர்களே இருந்தார்கள். மெய்ன் மாநிலத்தில் 2016-ல் மக்கள் வாக்கெடுப்பில் கழிவை ஒழிக்கும் சட்டம் வென்றது. அடுத்த ஆண்டே சர்வர்கள் திரண்டு போய் எங்கள் டிப்ஸைக் கெடுக்காதீர்கள் என்று சட்டமன்றத்தில் வாதாட, கழிவு திரும்ப வந்துவிட்டது. தலைநகர் வாஷிங்டனில் 2018-ல் மக்கள் ஆம் என்றார்கள். சில மாதங்களில் நகர மன்றம் ரத்து செய்தது. 2022-ல் மறுபடி வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் மறுபடி ஆம் என்றார்கள். 2023-லிருந்து படிப்படியாகச் சம்பளம் ஏறியது. பல உணவகங்கள் உடனே பில்லில் ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரியைச் சேர்த்தன. வாடிக்கையாளர்கள் குழம்பிப்போய் டிப்ஸைக் குறைத்தார்கள். 2025-ல் நகர மன்றம் முழு ஊதியத்தைக் கைவிட்டு, 2034-க்குள் முக்கால் பங்கு என்று சமரசம் செய்துகொண்டது. மசாசூசெட்ஸில் 2024 நவம்பரில் வாக்காளர்களே இல்லை என்று சொல்லிவிட்டார்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக. அதே நாளில் அரிசோனாவில் சர்வர் சம்பளத்தை இன்னும் குறைக்க வழிசெய்யும் தீர்மானமும் படுதோல்வி அடைந்தது. ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம் என்பது மக்கள் மனநிலை போலும்.

சர்வர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? மேலே சொன்ன 600 டாலர்க்காரரை நினைத்துப் பாருங்கள். பெரிய நகரத்தில், மது பரிமாறும், பில் நூறு டாலரைத் தாண்டும் உணவகத்தில் வெள்ளி, சனி இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்குக் கூடுதல் சம்பளம் சில்லறை, டிப்ஸ்தான் வருமானம். டிப்ஸ் கணிசமாக இறங்கினால் நஷ்டம் என்பது அவர் பயம். நேரம் ஒதுக்கிச் சட்டமன்றத்துக்குப் போய்ப் பேசக்கூடியவரும் அவரே. நெடுஞ்சாலை ஓரம் காலை ஐந்து மணிக்குத் திறக்கும் கடையில் முட்டையும் காப்பியும் கொடுத்து, எட்டு டாலர் பில்லுக்கு ஒரு டாலர் டிப்ஸ் வாங்கும் பெண்மணி அங்கே வருவதில்லை. இரண்டு பேரும் ஒரே தொழில் என்று சட்டம் நினைக்கிறது. டிப்ஸ் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கையைப் பிடிக்கிற, அசிங்கமாகப் பேசுகிற வாடிக்கையாளரிடம் முகம் சுளித்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலை எந்தத் தொழிலில் நியாயம்?

நல்லா கவனித்தால் நல்ல டிப்ஸ், அதனால் சேவை தரமாக இருக்கும் என்ற வாதமும் நாம் நினைக்கிற அளவுக்கு நிற்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதையே பல பத்தாண்டுகள் ஆராய்ந்த மைக்கேல் லின், சேவைத் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிது என்று காட்டியிருக்கிறார். பில் தொகை, வழக்கம், பரிமாறுபவரின் நிறம், தோற்றம் இவையெல்லாம் உள்ளே புகுந்து வேலை செய்கின்றன.

அடுக்களைப் பக்கம் யாரும் அதிகம் பேசுவதில்லை. சமையல்காரரும் பாத்திரம் கழுவுபவரும் மேஜைக்கு வருவதில்லை, டிப்ஸும் அவர்களிடம் வருவதில்லை. முதலாளி டிப் கிரெடிட் எடுத்துக்கொண்டால், சர்வர் டிப்ஸை அடுக்களையோடு கட்டாயமாகப் பங்கிடச் சொல்ல முடியாது. 2018-ல் செய்த திருத்தப்படி, எல்லோருக்கும் முழு ஊதியம் கொடுக்கும் முதலாளி மட்டும் டிப்ஸை அடுக்களைக்கும் பங்கிடச் சொல்லலாம். தானோ மேனேஜரோ அதில் கை வைக்கக் கூடாது. முழுச் சம்பளத்துக்கு ஆதரவாக நான் கண்ட உறுதியான காரணங்களில் இது ஒன்று. இட்லிக்கு மாவு கரைத்தவனுக்கும் அந்த டிப்ஸில் உரிமை உண்டு.

டிப்ஸையே ஒழித்துவிட்டால் என்ன? நியூயார்க்கில் டேனி மேயர் என்ற பெரிய உணவக முதலாளி 2015-ல் அதைச் செய்துபார்த்தார். விலையிலேயே எல்லாம் அடக்கம், டிப்ஸ் வேண்டாம் என்றார். பக்கத்துக் கடையின் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் இவர் கடை விலை கூடுதலாகத் தெரிந்தது. அனுபவப்பட்ட சர்வர்கள் பலர் டிப்ஸ் கிடைக்கும் இடம் தேடிப் போனார்கள். 2020-ல் அவரே டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒருவர் மட்டும் தனியாகச் செய்தால் இப்படித்தான் ஆகும்.

அரசியல்வாதிகள் கண்டுபிடித்த குறுக்குவழி வரிச் சலுகை. 2024 தேர்தலில் டிரம்ப் முதலில் அறிவிக்க, கமலா ஹாரிஸும் அதையே சொன்னார். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, ஆண்டுக்கு 25,000 டாலர் வரை டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு உண்டு, 2028 வரை. சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் அப்படியே இருக்கிறது. வருமான வரியே கட்டுமளவுக்குச் சம்பாதிக்காத காலைக்கடைப் பெண்மணிக்கு இதில் ஒன்றுமில்லை, அடுக்களைக்காரருக்கும் இல்லை. முதலாளிக்கு ஒரு சென்ட் செலவில்லை என்பதால்தான் இரண்டு கட்சிக்கும் இது இவ்வளவு பிடித்தது.

வேறு நாடுகள் இந்தக் கணக்கை முடித்துவைத்துவிட்டன. பிரிட்டன் 2009 அக்டோபரிலிருந்து டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தில் சேர்க்கத் தடை விதித்தது. 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் முழுதும் தொழிலாளிக்கே போக வேண்டும் என்றும் சட்டம் செய்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் மது பரிமாறுவோருக்கென்று இருந்த குறைந்த ஊதியம் 2022 ஜனவரியோடு ஒழிந்தது. டொரன்டோ உணவகங்களில் எத்தனையோ ஈழத் தமிழர்கள் வேலை பார்த்துக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள். அங்கே கடைகள் இன்றும் திறந்துதான் இருக்கின்றன.

என் தீர்ப்பு முழுச் சம்பளத்தின் பக்கம். ஒரே நாளில் 2.13-ஐ 7.25 ஆக்கச் சொல்லவில்லை. ஐந்தாறு ஆண்டு தவணை கொடுங்கள், சின்னக் கடைகளுக்கு இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். சிகாகோ 2024 ஜூலையில் அப்படித்தான் தொடங்கியது, 2028-ல் முடிப்பதாக. கூடவே இன்னொன்று கட்டாயம்: சேவைக் கட்டணம் என்று பில்லில் போட்டால் அது யாருக்குப் போகிறது என்பதையும் அதே பில்லில் அச்சடிக்க வேண்டும். வாஷிங்டன் நகரத்தில் இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்திருந்தால் சமரசத்துக்கு அவசியமே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. நம் ஊரில் டிப்ஸ் சம்பளத்துக்கு மேலே வருகிற காசு. வைக்காவிட்டால் முகம் சுருங்கும், அவ்வளவுதான். டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ அதுதான் சம்பளம். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்ந்திருந்தால் அது சர்வருக்குப் போகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். சேரவில்லை என்றால் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் வைத்துவிட்டு எழுங்கள். சாம்பார் ஆறிப்போயிருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கோபத்தைப் பரிமாறியவரின் கூலியில் கழிக்காதீர்கள்.